பல்பணிக் கடற்படை உலங்கு வானூர்தியின் வளர்ச்சி

இரண்டாம் உலகப் பெரும்போரின்போது அத்திலாந்திக் சமுத்திரத்திலே ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் 2,000க்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை அழித்தன. அவ்வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற போர்க்கப்பல்களின் இடர்ப்பாடு சிந்தித்தற்குரியது. வானொலி அலைகள் கடல் நீரில் ஆழமாக ஊடுருவமாட்டா. ஆதலின் நீருள் மறைந்த பகைவனை ஒலியைக் கொண்டே தேடவேண்டும். ஆயின், விரைந்து செல்லும் கப்பலின் இயந்திர இரைச்சல் அதன் செவியையே அடைத்துவிடும். செவிசாய்த்துக் கேட்பதற்காக வேகத்தைக் குறைத்தாலோ கப்பல் தானே பகைவனின் இலக்காகிவிடும். இவ்விருதலைக் கொள்ளி நிலையினின்று கப்பலை விடுவித்தற்கு ஏற்ற கருவியாகவே உலங்கு வானூர்தி கடற்படையில் நிலைபெற்றது.

கீவ் நகரிலே 1889ஆம் ஆண்டு பிறந்து 1919இல் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறியவர் இகோர் சிக்கோர்ஸ்கி. அவர் 1939 செப்டெம்பர் 14ஆந் திகதி வீ.எஸ். 300 என்னும் ஊர்தியைக் கயிறுகளாற் பிணித்தபடியே நிலத்தினின்றும் எழச் செய்தார். நான்காண்டுகள் நிரம்புமுன்னரே, 1943 மே மாதத்தில், அவரது எக்ஸ்.ஆர். 4 என்னும் ஊர்தி ‘பங்கர் ஹில்’ என்ற எண்ணெய்க் கப்பலின் தளத்தில் இறங்கி மீண்டும் எழுந்தது. அதே காலத்தில் ஜேர்மன் கடற்படையும் பிளெட்னரின் சிறிய ஊர்தியைப் பரிசோதித்தது. இவை யாவும் பார்த்துவர வல்லனவேயன்றிப் பாரஞ் சுமக்க வல்லன அல்ல.

பாரமே இவ்வரலாறு முழுவதையும் ஆட்டிவைத்தது எனல் மிகையாகாது. 1954இல் முதன்முதற் பறந்த அமெரிக்கக் கடற்படையின் எச்.எஸ்.எஸ். 1 என்னும் ஊர்தி கடலுக்கு மேலே அசையாது நின்று, வடத்தின் நுனியிலே கட்டப்பட்ட ஒலியுணர் கருவியை நீருக்குள் இறக்கித் தேடியது. கப்பலின் அடிப்பாகத்திற் பொருத்திய கருவிக்கில்லாத ஒரு நன்மை இதற்குண்டு. கடலின் மேல்நீர் வெம்மையாகவும் கீழ்நீர் குளிராகவும் இருக்குமிடத்தில் ஒலி வளைந்து செல்லும். அவ்வெல்லைக்குக் கீழே ஒளிந்த நீர்மூழ்கியை மேலிருந்து கேட்டல் அரிது. வடத்தில் தொங்குங் கருவியையோ அவ்வெல்லைக்குக் கீழும் இறக்கலாம். எனினும் அக்கருவியைச் சுமந்த ஊர்தி டோர்பிடோவையும் உடன் சுமக்க இயலவில்லை. ஆகவே தேடுவது ஒன்று, கொல்வது ஒன்று என ஊர்திகள் இரட்டையாகவே சென்றன. 1959 மார்ச்சு 11ஆந் திகதி பறந்த ‘சீ கிங்’ இக்குறையை நீக்கியது. பெற்றோல் இயந்திரத்தை விடுத்து, நிறை குறைந்தும் ஆற்றல் மிகுந்தும் உள்ள வாயுச்சுழலி இயந்திரங்கள் இரண்டைப் பூண்டமையால், அது செவியையும் படைக்கலத்தையும் ஒருங்கே தாங்கிற்று. சந்திரனிலிருந்து 1969இல் மீண்ட அப்பலோ 11 வீரர்களைப் பசிபிக் சமுத்திரத்தினின்று தூக்கியெடுத்ததும் இவ்வினத்து ஊர்தியே.

சீ கிங் பெரியது. விமானந்தாங்கிக் கப்பலுக்கே உரியதெனக் கருதப்பட்டது. அதனைச் சிறிய நாசகாரிக் கப்பலில் இறக்கலாம் எனக் காட்டிய பெருமை கனடியக் கடற்படைக்கே உரியது. வட அத்திலாந்திக்கின் அலைகளில் அத்தகைய கப்பல் பக்கத்துக்குப் பக்கம் உருளும். இரவிலும் மூடுபனியிலும் அதன்மேல் ஊர்தியை இறக்குதல் உயிரோடு விளையாடுவதாகும். கனடியர் 1960களில் அமைத்த பொறி எளிமையானது. ஊர்தி தளத்துக்கு மேலே நின்று மெல்லிய கயிறொன்றை விடும். தளத்திலுள்ளோர் அதிற் பருத்த வடத்தைப் பிணிப்பர். வடம் மேலேறி ஊர்தியின் வயிற்றிற் பூட்டிக்கொள்ளும். பின்னர்க் கப்பலிலுள்ள இழுபொறி வடத்தை இறுக்கிப் பிடிக்க, கப்பலின் ஆட்டம் சிறிது ஓயுங் கணம் பார்த்து ஊர்தி கீழே இழுக்கப்படும். தளத்திலே திறந்திருக்கும் இரும்புத் தாடைகள் அதனை உடனே கௌவிக்கொள்ளும். இதற்குக் ‘கரடிப் பொறி’ எனப் பெயரிட்டனர். படைக்கலங்களின் வரலாறு எழுதுவோர் ஏவுகணைகளைப் புகழுமளவிற்கு இவ்வடத்தைப் புகழ்வதில்லை. ஆயினும் இஃதின்றேல் பேரூர்தி சிறு கப்பலை அடைந்திராது. கனடியரின் சீ கிங் ஊர்திகள் 1963 தொடக்கம் 2018 வரை பணியாற்றின.

சிறிய கப்பலில் ஒன்றிரண்டு ஊர்திகளுக்கே இடமுண்டு. வேலைகளோ பெருகின. 1967 ஒக்டோபர் 21ஆந் திகதி ‘எயிலற்’ என்னும் இஸ்ரேலிய நாசகாரி எகிப்தியச் சிறு படகுகள் எய்த ஏவுகணைகளால் மூழ்கியது. அடிவானத்துக்கு அப்பாலுள்ள படகையும் கண்டறிய வேண்டுமென்பது அன்று தெளிவாயிற்று. ஆகவே ஊர்தி கப்பலின் செவியாக மட்டுமன்றிக் கண்ணாகவும் அமையவேண்டியதாயிற்று. இந்நோக்குடன் அமெரிக்கர் ஆக்கிய ‘சீ ஹோக்’ எஸ்.எச். 60பி 1979 டிசெம்பர் 12ஆந் திகதி பறந்தது. அதன் முழு ஏற்பாட்டையும் இணைக்கும் முதன்மைப் பொறுப்பு, ஊர்தியைக் கட்டிய சிக்கோர்ஸ்கி கம்பனியிடமன்றிக் கணனிக் கம்பனியாகிய ஐ.பி.எம். இடம் இருந்தது. இதிலிருந்தே காலமாற்றத்தை உணரலாம். ஊர்தி 25 ஒலிமிதவைகளைச் சுமந்து சென்று கடலில் இடும். அவை கேட்டதை வானொலி வழியாகக் கப்பலுக்கு அனுப்பும். கப்பலிலுள்ள கணனி அதனை ஆராயும்.

ஆனால் அவ்வூர்தியில் வடத்தில் தொங்குங் கருவிக்கு இடமில்லை. அதற்கென விமானந்தாங்கிகளுக்கு எஸ்.எச். 60எவ் என்னும் வேறோர் ஊர்தி எழுந்தது. ஒருமுறை ஒன்றாக்கிய பணிகள் மறுபடியும் இரண்டாயின! பல்பணி ஊர்தி படிப்படியாக நேர்வழியில் வளர்ந்ததென்று கூறுவோர் இதனைக் கவனிப்பதில்லை. மின்னணுக் கருவிகள் சிறுத்த பின்னரே எம்.எச். 60ஆர் இரண்டையும் மீண்டும் இணைத்தது. அது 2009இல் விமானந்தாங்கியொன்றுடன் தன் முதற் கடற்பயணத்தை மேற்கொண்டது. ஏறத்தாழ 10 தொன் நிறையுடன் எழக்கூடிய அவ்வூர்தி ஒலிமிதவை, தொங்குகருவி, ராடார், டோர்பிடோ, ஏவுகணை ஆகியவற்றைக் கையாளவல்லது. கடலில் வீழ்ந்தோரையும் மீட்கும். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே பயணத்திற் சுமந்தால் எரிபொருளுக்கு இடங் குறையும். எரிபொருள் குறைந்தால் கடல்மேல் நிற்கும் நேரமுங் குறையும். முன்னைய ஊர்தியிலிருந்த, நீர்மூழ்கியின் இரும்புடலைக் காந்த வேறுபாட்டால் உணருங் கருவி இதிற் கைவிடப்பட்டது. பொருள் ஏற்றியிறக்கலும் கண்ணிவெடி அகற்றலும் எம்.எச். 60எஸ் என்னும் உடன்பிறப்புக்கே விடப்பட்டன.

1971 முதற் சீ கிங் ஊர்திகளைக் கையாண்டுவந்த இந்தியக் கடற்படையும் 2020இல் இவ்வின ஊர்திகள் 24ஐ வாங்க உடன்பட்டது. அவற்றைக் கொண்ட முதல் அணி 2024 மார்ச்சு 6ஆந் திகதி கொச்சியிற் பணியிற் சேர்க்கப்பட்டது.