நான்கு மொழியும் ஒரு குரலும்

சிங்கப்பூர் அரசியலமைப்பின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கனையும் ஆட்சிமொழிகள் எனக் கூறுகின்றது. 53ஆம் பிரிவோ, நாடாளுமன்ற விவாதங்கள் இந்நான்கு மொழிகளுள் எதிலும் நிகழலாம் என்கின்றது. அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களைத் தம் அறநூலுள் கொண்ட தமிழர்க்கு, கடல் கடந்த ஓர் அவையில் தம் மொழியிலேயே எழுந்து பேசும் உரிமை உண்டு என்ற செய்தி இனிக்கவே செய்யும். ஆயினும் ஓர் அவையின் தகுதியை அளக்க, அங்கே எத்தனை மொழி ஒலிக்கலாம் என்று மட்டும் கேட்டல் போதாது. எத்தனை கருத்து ஒலித்தது என்றும் கேட்டல் வேண்டும். இவ்விரு கேள்விக்கும் சிங்கப்பூர் வரலாறு தரும் விடைகள் ஒன்றாய் இல்லை.

1819இல் ராபிள்ஸ் உடன்படிக்கை செய்துகொண்ட நாள்முதல் 1867 வரை அத்தீவு இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சியின் கிளையாகவே நடத்தப்பெற்றது; பின்னர் இலண்டனின் நேரடிக் குடியேற்றமாயிற்று. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்டனர். மக்கள் வாக்களித்த முதல் தேர்தல் 1948இல்தான் நிகழ்ந்தது. அதுவும் ஆறே இடங்களுக்கு. அவையின் மொழி ஆங்கிலம் ஒன்றே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும் சீனப் பள்ளியில் பயின்ற இளைஞனுக்கும் அந்த அவையில் நடப்பது என்னவென்று விளங்கியிருக்க வாய்ப்பில்லை.

1955ஆம் ஆண்டுத் தேர்தலால் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். அவர் காலத்தில் அமைந்த அனைத்துக் கட்சிக் குழு 1956இல் தந்த அறிக்கை, நான்கு மொழிவழிக் கல்விக்கும் சமமதிப்பு வேண்டும் என்றது. சீனப் பள்ளிச் சிக்கலை ஆராயவே அக்குழு அமைந்தது; தமிழ் அதனால் பயன் பெற்றது. தமிழ் தானே வந்து கையில் விழுந்தது என்று கொள்ளலாகாது. 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியார், தமிழர் அத்தீவின் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தி வந்தார். வாக்குடையவன் மொழிக்கே அரசு செவி சாய்க்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1959 மே திங்களில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களுள் 43ஐ வென்றது. லீ குவான் இயூ பிரதமரானார். ஈராண்டு கடந்ததும் கட்சி பிளந்தது. மலாயாவோடு இணைவது எவ்வாறு என்ற கேள்வியில் பிரிந்த இடதுசாரியர் பாரிசான் சோசலிஸ் கட்சியைக் கண்டனர். 1963 பிப்ரவரி 2ஆம் நாள் விடியற்காலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அவருள் லிம் சின் சியோங் முதலான முன்னணித் தலைவர்களும் இருந்தனர். பொதுவுடைமைச் சதியை முறியடித்தோம் என்றது அரசு; எதிரணியை முடக்கினர் என்பர் மறுப்போர். அவ்வாண்டு செப்டம்பர்த் தேர்தலில், அந்நிலையிலும், பாரிசான் 13 இடங்களைப் பெற்றது என்பது நினைக்கத்தக்கது.

அதே மாதம் உருவான மலேசியக் கூட்டமைப்பில் சிங்கப்பூர் இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. 1964இல் இருமுறை இனக்கலவரம் மூண்டது. 1965 ஆகஸ்டு 9இல் பிரிவினை. வேண்டிப் பெறாத விடுதலை அது. இணைப்பே வாழ்வென்று ஊர்தோறும் பேசிய லீ, தொலைக்காட்சியில் கண்கலங்கியதில் வியப்பில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியரசு விடுதலைச் சட்டத்திலேயே நான்கு ஆட்சிமொழிகளும் இடம்பெற்றன. பெரும்பான்மை இனத்தின் மொழியை மட்டும் அரியணையில் ஏற்றியிருந்தால், சுற்றிலும் மலாய் நாடுகள் சூழ்ந்த அச்சிறு தீவு நிலைத்திருத்தல் அரிது. எனவே தமிழுக்குக் கிடைத்த இடத்தை அருள் என்பதினும் அரசியல் நுண்ணறிவு என்பதே பொருந்தும்.

இனி இரண்டாம் கேள்வி. அவ்வவையில் எதிர்க்குரல் இல்லாமற் போனது எங்ஙனம்? சிறைவாசம் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் 1965 டிசம்பரில் கூடிய முதல் நாடாளுமன்றத்தைப் பாரிசான் தானே புறக்கணித்தது. 1966இல் எஞ்சிய இடங்களையும் துறந்தது. தெருவில் போராடுவோம் என்று வெளியேறியவர்கள் தெருவையும் இழந்தார்கள். 1968 தேர்தலில் 58 இடங்களுள் 51இல் போட்டியே இல்லை, அனைத்தும் ஆளுங்கட்சிக்கே. 1972, 1976, 1980 தேர்தல்களிலும் அதுவே நிகழ்ந்தது. வீடும் வேலையும் ஒழுங்கும் தந்த அரசு அது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. என்றாலும் நான்கு மொழிக்கு வழி திறந்த அவையில் பதின்மூன்றாண்டுகள் ஒரு கட்சியின் குரலே ஒலித்தது.

1981 அக்டோபரில் அது கலைந்தது. சி. வி. தேவன் நாயர் குடியரசுத் தலைவரானதால் வெற்றிடமான ஆன்சன் தொகுதியில், பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் வென்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் அவர். அவையில் அவர் வாதிட்ட மொழியோ பெரும்பாலும் ஆங்கிலமே. அவைக்குள் எதிர்க்குரல் புகுந்த அதே காலத்தில், 1982இல், கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. சட்டத்தில் இருந்த தமிழ் வகுப்பறையில் ஒரு பாடமாகச் சுருங்கியது. 1986இல் கட்சிக் கணக்கு பற்றிய வழக்கில் தண்டிக்கப்பட்டு ஜெயரத்தினம் தம் இடத்தை இழந்தார். வழக்கறிஞர் பதிவும் பறிபோயிற்று. 1988இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அப்பதிவை மீட்டுத் தந்து, அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்றது. எனினும் மன்னிப்பு வழங்கப்படவில்லை. 1994இல் அக்கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழியே அடைக்கப்பட்டது.

அரசு மறுபுறம் எதிர்க்குரலுக்குச் சட்டவழி அளவு வகுத்தது. 1984இல் தோற்றவருள் மிகுந்த வாக்குப் பெற்றோர்க்குத் தொகுதியில்லா உறுப்பினர் என இடம். 1990இல் நியமன உறுப்பினர். 1988இல் வந்த குழுத்தொகுதி முறை, வேட்பாளர் குழுவில் சிறுபான்மையினர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றது. சிறுபான்மையினர்க்கு அது அவையில் இடத்தை உறுதி செய்தது. சிறுகட்சிகளுக்கு அதுவே பெருஞ்சுவர். அச்சுவரைப் பாட்டாளிக் கட்சி 2011இல் அல்ஜுனிட் தொகுதியில் முதன்முதலாகத் தாண்டியது. 2025 மே தேர்தலில் 97 இடங்களுள் மக்கள் செயல் கட்சி 87ஐயும் பாட்டாளிக் கட்சி 10ஐயும் பெற்றன.

2020 கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே மிகுதியும் பேசுவோர் அத்தீவு வாசிகளுள் நூற்றுக்கு 2.5 பேர். நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் தமிழில் பேச எழும்போது, ஏனையோர் மொழிபெயர்ப்பைச் செவிக்கருவி வழியே கேட்கின்றனர்.