நிமோகாக்கஸின் சர்க்கரை உறையும் இணைப்புத் தடுப்பூசியின் தாமதமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடலின் நோயெதிர்ப்போடு வினைபுரியவல்லது புரதமே என்னும் கருத்து ஆய்வுலகில் வேரூன்றியிருந்தது. அதனை அசைத்தது நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் உறையாகும்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டோச்செஸ், ஏவரி இருவரும் 1917இல், இப்பாக்டீரியாவிலிருந்து கரைந்து வெளிப்படும் பொருளொன்றை நோயாளிகளின் குருதியிலும் சிறுநீரிலும் கண்டறிந்தனர். அது அந்தந்த வகைக்குரிய எதிர்ப்பொருளோடு மட்டுமே வினைபுரிந்தது. அதனைத் தூய்மைப்படுத்தும் பணியை வேதியியலாளர் ஹைடெல்பெர்கர் ஏற்றார். தூய்மை கூடக்கூட நைட்ரஜன் குறைந்தது, வினைத்திறனோ குறையவில்லை. அப்பொருள் பாலிசாக்கரைடு என 1923இல் அவரும் ஏவரியும் அறிவித்தனர். எஞ்சிய புரதச் சுவடே காரணமாகலாம் என ஐயுற்றோரும் இருந்தனர்.

அந்த நைட்ரஜனின்மையே பின்னர் அளவுகோலாயிற்று. மூன்றாம் வகைச் சர்க்கரையில் நைட்ரஜன் இல்லையாதலின், வீழ்படிவில் உள்ள நைட்ரஜன் முழுதும் எதிர்ப்பொருளுக்கே உரியதாதல் வேண்டும். 1929இல் ஹைடெல்பெர்கரும் கெண்டலும் இவ்வழியே எதிர்ப்பொருளை எடையளவில் கணித்தனர். நோயெதிர்ப்பியல் அளவறி இயலாக மாறியது இங்குத்தான் எனல் மிகையன்று.

1931இல் கோபெலும் ஏவரியும் மற்றொன்றைக் காட்டினர். மூன்றாம் வகைச் சர்க்கரை தனித்து முயலில் எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்கவில்லை. குதிரைக் குருதிநீர்ப் புரதத்தோடு பிணைத்தபோது தோற்றுவித்தது. புரதம் டி செல்களின் துணையை ஈட்டித் தருகிறது என்னும் விளக்கம் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே கிட்டியது.

1945இல் மெக்லியோட் குழுவினர், நான்கு வகைச் சர்க்கரைகள் கொண்ட தடுப்பூசி அமெரிக்கப் படைவீரர்களை அவ்வகை நிமோனியாக்களிலிருந்து காத்ததை வெளியிட்டனர். ஆயினும் பெனிசிலின் வந்துவிட்டது. மருத்துவர்கள் தடுப்பூசியை நாடவில்லை, விற்பனைக்கு வந்ததும் திரும்பப் பெறப்பட்டது. பெனிசிலின் பெற்றும் நோயின் முதற்சில நாள்களில் பலர் இறப்பதை 1964இல் ஆஸ்திரியனும் கோல்டும் எடுத்துக்காட்டினர். அதன் பின்னரும், 14 வகைத் தடுப்பூசி உரிமம் பெற 1977 ஆயிற்று.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடலோ தனிச் சர்க்கரைக்குச் சரிவர எதிர்வினை காட்டுவதில்லை. இந்நோயால் மிகுதியும் தாக்குண்போருள் அவர்களும் அடங்குவர். 1931இன் பிணைப்பு உத்தி இவர்களுக்காகவே மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. பெத்தெஸ்டாவில் ஷ்னீர்சனும் ராபின்சும் 1980இல் ஹீமோபிலஸ் பி வகைச் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்தனர். அவ்வினத் தடுப்பூசி அமெரிக்காவில் 1987இல் 18 மாதக் குழந்தைகளுக்கும், 1990இல் இரண்டு மாதக் கைக்குழந்தைகளுக்கும் உரிமம் பெற்றது. உத்தி முதன்முதல் மெய்ப்பிக்கப்பட்ட நிமோகாக்கஸுக்கு அது 2000ஆம் ஆண்டில்தான் வாய்த்தது.