விறைப்பும் வலிமையும்: சுரங்க வளையங்களின் வரலாற்றில் ஒரு சொற்குழப்பம்

கொல்கத்தாவில் எஸ்பிளனேடிலிருந்து ஹவுரா மைதானத்துக்குச் செல்லும் மெட்ரோ, ஹூக்ளி ஆற்றின் அடியில் ஏறத்தாழ 520 மீட்டர் தொலைவை 45 விநாடிகளில் கடந்துவிடுகிறது. 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட தடம் அது. சுரங்கச் சுவரின் நீல விளக்குகளைப் பயணிகள் படமெடுக்கிறார்கள். அந்த விளக்குகளுக்குப் பின்னால் இருப்பவை 5.55 மீட்டர் உள்விட்டமும் 275 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட கான்கிரீட் வளையங்கள். அவற்றுள் எதுவும் ஒரே வார்ப்பில் உருவானதன்று. வெளியே வார்த்த வில் வடிவத் துண்டுகளைச் சுரங்கத்துக்குள் ஒன்றோடொன்று பொருத்தி அமைத்தவை.

"இத்தனை மூட்டுகள் உள்ள சுவர் உறுதியானதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மொழியியல் பயின்றதனாலோ என்னவோ, விடையைவிட 'உறுதி' என்ற சொல்தான் முதலில் என் கவனத்தை ஈர்த்தது. அன்றாடத் தமிழில் அச்சொல் இரு பண்புகளை ஒருங்கே சுட்டுகிறது. எவ்வளவு சுமையில் ஒரு பொருள் உடையும் என்பது வலிமை. குறிப்பிட்ட சுமைக்கு அது எவ்வளவு உருமாறும் என்பது விறைப்பு. பள்ளி இயற்பியல் நூலின் 'விறைப்புக் குணகம்' பலருக்கும் நினைவிருக்கலாம். துண்டுகளால் ஆன சுரங்க வளையத்தின் வரலாறு, பெரிதும் இவ்விரண்டையும் பிரித்தறிந்த வரலாறே.

தேம்ஸ் ஆற்றின் அடியில் மார்க் புருனல் 1825இல் தொடங்கி 1843இல் திறந்த சுரங்கம் செங்கற்களால் ஆனது. அதே ஆற்றின் அடியில் 1869இல் தொடங்கிய டவர் சப்வேயில் பீட்டர் பார்லோவும் ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட்டும் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பயன்படுத்தினர். பணி ஓராண்டுக்குள் முடிந்தது. 1890இல் திறக்கப்பட்ட லண்டனின் ஆழ்நிலை மின்சார ரயிலும் வார்ப்பிரும்பு வளையங்களுக்குள்தான் ஓடியது. லண்டன் சுரங்க ரயில்களில் பெயர்பெற்ற பொறியாளர் ஹார்லி டால்ரிம்பிள்-ஹே, 1931இல் மின்வடங்களுக்காக ஹூக்ளியின் அடியிலும் ஒரு சுரங்கம் அமைத்தார். இன்றைய மெட்ரோவுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் மூத்த சுரங்கம் அது.

மூட்டு என்பது பலவீனம், ஆகவே தடிப்பைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று எண்ணுவது இயல்பு. மண்ணுக்குள் இந்தக் கணக்குச் சரிவருவதில்லை. பொதுவாக மேலிருந்து அழுத்தும் மண்ணின் சுமை, பக்கவாட்டுச் சுமையைவிட மிகுதி. அதனால் வளையம் சற்றே அமுங்கிப் பக்கவாட்டில் விரிய முயல்கிறது. விரியும்போது பக்கத்து மண்ணைத் தள்ளுகிறது, மண்ணும் திருப்பித் தள்ளுகிறது. எல்லாப் புறமும் அழுத்தம் சமநிலையை நெருங்க நெருங்க, வளையத்தில் வளைவு குறைந்து அமுக்கமே எஞ்சுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் தேர்ந்தது. விறைப்பான வளையமோ உருமாற மறுத்து, வளைக்கும் சுமையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. தடிப்பை இருமடங்காக்கினால் வளைவு விறைப்பு எட்டு மடங்காகும். அதற்கேற்ப வளைக்கும் சுமையும் கூடிவிடக்கூடும்.

நெகிழும் உட்சுவரின் இந்த நன்மையை ரால்ஃப் பெக் 1969இல் மெக்சிகோ மாநாட்டு அறிக்கையில் விளக்கினார். 1975இல் ஆலன் மூர் உட் 'ஜியோடெக்னிக்' இதழில் ஓர் எளிய சூத்திரத்தை முன்வைத்தார். நான்குக்கு மேற்பட்ட துண்டுகள் உள்ள வளையத்தின் விறைப்பைக் காண, நான்கைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கி, மூட்டில்லா வளையத்தின் விறைப்பால் பெருக்க வேண்டும். மூட்டுக்கே உரிய சிறு விறைப்பை அதனுடன் கூட்ட வேண்டும். எட்டுத் துண்டுகள் என்றால், மூட்டின் பங்கை நீக்கிப் பார்த்தால், கால் பங்கு விறைப்பே மிஞ்சும்.

நெகிழ்வுக்கும் எல்லை உண்டு. மூட்டு மிகையாகத் திறந்தால் நீர் கசியும், விளிம்பு சிதறும். ஆகவே உண்மையான விறைப்பு எவ்வளவு என்பதை அளந்தே தீர வேண்டும். முழு அளவு வளையத்தைச் சுற்றிலும் ஹைட்ராலிக் ஜாக்குகளால் அழுத்தி, விட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது நேரடி வழி. அதே சுமைக்கு மூட்டில்லா வளையம் எவ்வளவு மாறும் என்று கணித்து, இரண்டையும் ஒப்பிட்டால் விறைப்பு விகிதம் கிடைக்கும். ஜப்பானிய வடிவமைப்பு முறையில் இவ்விகிதம் பொதுவாக 0.6 முதல் 0.8 வரை கொள்ளப்படுகிறது. மூர் உட்டின் கால் பங்கைவிட இது மிகுதி. அடுத்தடுத்த வளையங்களின் மூட்டுகள் ஒரே கோட்டில் அமையாதபடி மாற்றி வைக்கும்போது, ஒன்றின் மூட்டுக்கு மற்றொன்றின் உடல் துணை நிற்பதே முதன்மைக் காரணம். தனி வளையத்தைச் சோதித்தால் இந்தத் துணை புலப்படாது.

அதனால்தான் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வகத்தில், போட்லெக் ரயில் சுரங்கத்தின் மூன்று முழு அளவு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சோதித்தார்கள். இந்தச் சோதனையோடு தொடர்புடைய ப்ளோமின் 2002ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு, துண்டுகளைப் பொருத்தும்போது நேரும் சிறு பிசகுகளும் நிலையான தகைவுகளை விட்டுச்செல்கின்றன என்று வலியுறுத்தியது. ஷாங்காயில் மெட்ரோ தடத்தின் மேல் கொட்டிய மண்ணால் வளையங்கள் நீள்வட்டமாக அமுங்கின. அங்குள்ள டோங்ஜி பல்கலைக்கழகத்தில் முழு வளையத்தை அது செயலிழக்கும்வரை அழுத்திப் பார்த்தபோது, வளையத்தின் முடிவைத் தீர்மானித்தவை மூட்டுகளே.

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான்: மூட்டுகள் வளையத்தின் விறைப்பைக் குறைக்கின்றன, அளவோடு குறையும்வரை அது பாதுகாப்புக்குத் துணை, அளவு மீறினால் கேடு. அந்த அளவைக் காணத்தான் இத்தனை சோதனைகள். 'உறுதி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியவில்லை. பொறியியலைத் தமிழில் கற்பிப்போர் இவ்விரு பண்புகளுக்கும் வகுப்பறையில் எந்தச் சொற்களை ஆள்கிறீர்கள்? அறிய விழைகிறேன்.