38 பேர் வேடிக்கை பார்த்தார்களா?

1964ம் ஆண்டு மார்ச் 13. நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் உள்ள கியூ கார்டன்ஸ். அதிகாலை மூன்றேகால் மணி இருக்கும். மதுக்கூடம் ஒன்றில் மேலாளராக இருந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண், வேலை முடிந்து காரை நிறுத்திவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். வின்ஸ்டன் மோஸ்லி என்பவன் அவரைத் துரத்திக் கத்தியால் குத்தினான். அலறல் கேட்டு மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். மோஸ்லி ஓடிவிட்டான். ஆனால் சிறிது நேரத்தில் திரும்பி வந்தான்! கட்டிடத்தின் பின்பக்க வாசலில் விழுந்து கிடந்த கிட்டியை மறுபடியும் குத்தினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் உயிர் பிரிந்தது.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் 27 அன்று, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. அரை மணி நேரத்துக்கும் மேலாக 38 பேர் இந்தக் கொலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூட போலீசுக்கு போன் செய்யவில்லை என்றது அது. போலீஸ் கமிஷனர் மதிய உணவின்போது அப்பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவரான ரோசெந்தாலிடம் சொன்ன எண்ணிக்கைதான் இந்த 38. நகரத்து மனிதர்களின் மனம் கல்லாகிவிட்டது என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

மனம் கல்லா, கூட்டமா?

ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்களுக்கு மட்டும் இந்த விளக்கம் போதவில்லை. 38 பேர் இருந்தும் உதவி வரவில்லையா, அல்லது 38 பேர் இருந்ததால்தான் வரவில்லையா என்று யோசித்தார்கள். 1968ல் வெளியான அவர்களுடைய ஆய்வு புகழ்பெற்றது. கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து இன்டர்காம் வழியாகப் பேச விட்டார்கள். திடீரென்று ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். (அது முன்பே பதிவு செய்த குரல்.) கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நினைத்தவர்களில் 62 சதவீதம். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் வெறும் 31 சதவீதம்!

எழுந்து வராதவர்கள் அலட்சியமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டார்கள். இரக்கம் இருந்தது. ஆனால் பொறுப்பு ஐந்து பேருக்குப் பங்காகிவிட்டது. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

பத்திரிகை சொல்லாதது

இனிமேல்தான் கதையே இருக்கிறது. 2007ல் மானிங், லெவின், காலின்ஸ் என்ற மூவர் பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தார்கள். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஆதாரமே இல்லை! தாக்குதல் நடந்தது இரண்டு இடங்களில். பின்பக்கம் நடந்ததைப் பெரும்பாலானவர்களால் பார்த்திருக்கவே முடியாது. பலருக்கு சத்தம் மட்டும்தான் கேட்டது. நியூயார்க்கில் 911 என்ற அவசர எண் வந்ததே 1968ல்தான்.

எல்லோரும் நிரபராதிகள் என்றும் சொல்ல முடியாது. ஒருவர் கதவைத் திறந்து, நடப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆனால் அதே கட்டிடத்தில் சோஃபியா ஃபரார் என்ற பெண்ணும் இருந்தார். கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடி, கிட்டியைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டார். டைம்ஸ் செய்தியில் அவர் இல்லை. மோஸ்லி சிறையில் இறந்த 2016ல்தான் அந்தப் பத்திரிகை தன் பழைய செய்தியில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை. மோஸ்லி பிடிபட்டது எப்படி தெரியுமா? கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் ஒரு வீட்டில் டிவியைத் திருடிக்கொண்டு போனபோது, அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட்டு அவன் காரை ஓடவிடாமல் செய்து போலீசைக் கூப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்காத சாதாரண மனிதர்கள்தான் அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள்!

2019ல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டார். ஆட்கள் அதிகமாக இருந்தபோது யாராவது ஒருவர் உதவ வரும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது.

அப்படியானால் டார்லியும் லத்தானேயும் சொன்னது பொய்யா? இல்லை. அவர்களுடைய மாணவர்களால் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அடுத்தவர் போகிறாரா இல்லையா என்று தெரியாத நிலை அது. தெருவில் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. ஒருவர் அடி எடுத்து வைத்தால் மற்றவர்களுக்கும் தைரியம் வருகிறது. ஆகவே ஆபத்தில் இருப்பவர் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்துவதைவிட, ஒருவரை மட்டும் கைகாட்டி "நீங்கள் வாருங்கள்" என்று அழைப்பது நல்லது. அந்த ஒருவர் நகர்ந்துவிட்டால் மற்றவர்களும் நகர்வார்கள்.

சோஃபியா ஃபராரை யாரும் கைகாட்டி அழைக்கவில்லை. அவராகவே ஓடினார். 38 பேரைப் பற்றிப் படித்தவர்கள் அவரைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.