பொதியும் மூலநிரலும்

மென்பொருளை நிறுவ இரண்டு வழிகள் உண்டு. யாரோ கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி) வைத்த பொதியை (பேக்கேஜ்) இறக்கிக்கொள்ளலாம்; மூலநிரலை (சோர்ஸ் கோடு) வாங்கி நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளலாம். கம்பைல் செய்யும் வேலையை யார் தலையில் வைப்பது என்பதே இந்தத் தேர்வின் சாரம்.

தோற்றம்

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவித்த காலத்தில் யூனிக்ஸ் இயங்குதளக் கணினிகள் பலவகை. ஒன்றில் கம்பைல் செய்தது மற்றொன்றில் ஓடாது. அதனால் மூலநிரலே கைமாறியது. ‘கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்’ என்ற மூன்று கட்டளைகள் பின்னாளில் வழக்கமாயின. தேவையான ஒரு நூலகம் (லைப்ரரி) இல்லையென்றால் வேலை பாதியில் நிற்கும். அதைத் தேடிப் பிடித்தால் அது வேறொன்றைக் கேட்கும்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் (டிஸ்ட்ரிபியூஷன்) பொதிகள், தமக்கு வேண்டிய பிற பொதிகளின், அதாவது சார்புகளின், பட்டியலையும் சுமந்து வந்தன. 1999இல் வெளியான டெபியன் 2.1இல் இடம்பெற்ற ஏபிடி என்னும் கருவி, அந்தச் சார்புகளைத் தானே இறக்கித் தந்தது. ஜென்டூ என்னும் வழங்கல் எதிர்த்திசையில் போனது. 2002இல் அதன் 1.0 பதிப்பு வந்தபோது, பயனர் கணினியிலேயே மூலநிரலைக் கம்பைல் செய்யும் வேலை தானியங்கியாகியிருந்தது.

கேரளத்தில்

இதே தேர்வு கேரளத்திலும் எழுந்தது. 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கேரளப் பள்ளிகளுக்கான ‘ஐடி@ஸ்கூல்’ திட்டமும் அதே ஆண்டு பிறந்தது. ஒரு பாடவேளைக்குள் கணினி அறையை ஆயத்தப்படுத்த வேண்டிய ஆசிரியருக்குக் கம்பைல் செய்துகொண்டிருக்க நேரமில்லை. திட்டம் தனக்கென ஒரு வழங்கலை, முதலில் டெபியன் அடிப்படையிலும் பிறகு உபுண்டு அடிப்படையிலும், உருவாக்கியது. 2019இல் வந்த அதன் 18.04 பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கானது.

மூலநிரலின் தேவையோ மலையாள எழுத்தில் தெரிந்தது. தொடக்கத்தில் மலையாளக் கூட்டெழுத்துகள் திரையில் உடைந்து, சந்திரக்கலையோடு (புள்ளி போன்ற குறி) தனித்தனியாக நிற்கும். ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ போன்ற குழுக்களின் தன்னார்வலர்கள் நிரலைத் திருத்தினர், கம்பைல் செய்து சோதித்தனர். சிலர் செய்த அந்த வேலையே பொதியாகிப் பலரைச் சேர்ந்தது.

நம்பகம்

‘நானே கம்பைல் செய்தேன்’ என்பதும் முழுக் காப்பு அல்ல. கம்பைலருக்குள்ளேயே கள்ளக்கதவை (பேக்டோர்) ஒளித்துவைக்கலாம், மூலநிரலில் அதன் தடமே இருக்காது என்று கணினி அறிவியலாளர் கென் தாம்ப்சன் 1984இல் காட்டினார். ஒரே மூலநிரலை யார் கம்பைல் செய்தாலும் ஒரே பொதி வர வேண்டும் என்ற முயற்சியை டெபியன் 2013இல் தொடங்கியது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளில் கள்ளக்கதவு சிக்கியது. அதை இயக்கும் வரிகள் மூலநிரல் வைக்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய கோப்பில் மட்டும் இருந்தன. டெப் அல்லது ஆர்பிஎம் வகைப் பொதி கட்டும்போதுதான் அவை விழித்துக்கொள்ளும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தேடிப்போய்க் கண்டுபிடித்தார். மூலநிரல் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அந்தத் தேடலுக்கு வழி இருந்தது.