நான்கு உள்ளீடுகளின் கணக்கு

சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984இல் தொடங்கியது. பட்டாசுக்கு வெளிச்சம் தரும் அலுமினியப் பொடி தயாரிக்கும் நிறுவனத்தார் எழுப்பிய கல்லூரி அது. அதே ஆண்டில் கலிபோர்னியாவில் ராஸ் ஃப்ரீமன் இரு கூட்டாளிகளுடன் சைலிங்க்ஸ் என்ற சிப் நிறுவனத்தை ஆரம்பித்தார். இந்த வட்டாரத்தில் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தும் நான் இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தான் பாடத்துக்குள் நுழைவேன்.

தர்க்கத்தை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்புகளின் கதை அதற்கும் முந்தையது. 1975இல் சிக்னெடிக்ஸ் விற்ற சிப்பில் தர்க்கக் கேட்டுகளின் ‘அண்ட்’ அணியையும் ‘ஆர்’ அணியையும் நம் விருப்பப்படி இணைக்கலாம். சுதந்திரம் அதிகம், வேகம் குறைவு, விலை கூடுதல். 1978இல் மோனோலித்திக் மெமரீஸ் நிறுவனத்தின் ஜான் பர்க்னர் ‘ஆர்’ அணியை நிரந்தரமாக்கிவிட்டார். அந்த பி.ஏ.எல். சிப் வேகமாக ஓடியது, விலையும் இறங்கியது, சந்தையைப் பிடித்தது. அதற்குள் நுண்ணிய ஃபியூஸ்கள். வேண்டாத இணைப்பை எரித்துத் துண்டிக்க வேண்டும். வெடித்த பட்டாசு மாதிரிதான், எரித்தது எரித்ததுதான். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

ஃப்ரீமன் ஃபியூசுக்குப் பதில் நினைவகச் செல்களை வைத்தார். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். 1985இல் வந்த எக்ஸ்.சி.2064 சிப்பில் 64 தர்க்கக் கட்டங்கள். ஆயிரத்துச் சொச்சம் கேட்டுகளின் வேலைக்கு 85,000 டிரான்சிஸ்டர்கள்! வீண்செலவு என்றே தோன்றும். டிரான்சிஸ்டர் விலை விழுந்துகொண்டே போகும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பலித்தது. ஆனால் 1989இலேயே அவர் மறைந்துவிட்டார்.

ஒரு கட்டத்துக்கு எத்தனை உள்ளீடு? ஒவ்வொரு உள்ளீட்டுச் சேர்க்கைக்கும் உரிய விடையை எழுதிவைக்கும் அட்டவணைக்கு, நான்கு என்றால் 16 செல், ஐந்துக்கு 32, ஆறுக்கு 64. சிறிதாக வைத்தால் கட்டங்கள் பெருகும், அவற்றை இணைக்கும் கம்பிகளும் பெருகும், சமிக்ஞை பல கட்டங்களைத் தாண்டித் தாமதமாகும். பெரிதாக வைத்தால் பாதிச் செல்கள் சும்மா கிடக்கும். சிப்பின் பரப்பில் பெரும்பங்கை விழுங்குவது கட்டங்கள் அல்ல, இணைப்புகளே. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஜொனதன் ரோஸ் குழுவினர் 1990இல் இதை அளந்து பார்த்து, பரப்புக்குச் சிக்கனம் நான்கு என்றார்கள். 2006இல் வந்த சைலிங்க்ஸின் வர்ட்டெக்ஸ்-5 சிப் ஆறுக்குப் போனது; அதற்குள் செல்கள் மலிந்து, வேகமே பெரிய கவலையாகியிருந்தது.

இன்று மாணவர்கள் சுற்றை விவரிக்கும் வெரிலாக் மொழியில் நேரே எழுதுகிறார்கள். மென்பொருள் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சிப் பொருத்திய போர்டைக் கையில் கொடுக்கும் முன், 16 வரி அட்டவணை ஒன்றை அவர்களே தாளில் நிரப்பட்டும்.