காசு குடுத்து சேத்துல இறங்குறது எப்பம் ஆரம்பிச்சது?

என் தங்கச்சி மவன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்கான். வாழ்க்கையில முதல் தடவையா சேத்து ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுத்துருக்கான். 5 கிலோமீட்டர் தூரம், 15 தடைகள். சுவர் ஏறிக் குதிக்கணும், கயித்துல ஏறணும், கம்பி வலைக்குக் கீழ சேத்துல ஊர்ந்து போகணும், ஐஸ் போட்ட தண்ணியில முங்கி எந்திரிக்கணும். "மாமா, இதுக்கு எப்படித் தயாராகணும்?"னு போன்ல கேட்டான். எவ்வளவு கட்டுனன்னு கேட்டேன். சொன்னான். எங்க ஊர் நடவுக் கூலிக்கு அது எத்தனை நாள்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு வரல.

சாத்தான்குளம் பக்கம் எனக்குக் குளத்துப் பாசனத்துல கொஞ்சம் வயல், மேட்டுல முருங்கை, வரப்போரம் நாலு பனை. சேறு எங்களுக்கு வேலை செய்யுற இடம். அது எப்படிப் பட்டணத்துக்காரங்களுக்குப் பந்தய மைதானமா ஆச்சுன்னு தேடிப் படிச்சதுல, நான் நினைச்சே பாக்காத எடத்துல கதை ஆரம்பிக்குது.

1902 மே 8. கரீபியன் கடல்ல மார்த்தினிக் தீவு. பெலே எரிமலை வெடிச்சு செயின்ட் பியர் நகரமே சாம்பலாச்சு. 28,000 பேருக்கு மேல செத்தாங்க. அந்தக் கடல்ல பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரியா இருந்தவர் ஜார்ஜ் ஹெபேர். சுமார் 700 பேரைக் காப்பாத்துற வேலையில அவர் பங்கு பெரிசு. அந்த நேரத்துல யாருக்கு உடம்பு ஒத்துழைச்சது, யாருக்குக் கையும் காலும் ஓடலைங்கிறதை அவர் கண்ணால பாத்தார். பலம்னா அது அடுத்தவனுக்கு உதவணும், உதவாத பலம் எதுக்குங்கிற எண்ணம் அவருக்கு அங்கதான் ஊறிச்சுன்னு சொல்லுதாங்க.

இன்னொண்ணும் அவர் கவனிச்சார். ஆப்பிரிக்கா மாதிரி நாடுகள்ல காட்டோடயும் கடலோடயும் வாழுத சனங்க எந்த வாத்தியார்ட்டயும் உடற்பயிற்சி படிக்கல. ஆனா அவங்க உடம்பு வில்லு மாதிரி இருந்துச்சு. நடக்குறது, ஓடுறது, தாண்டுறது, தவழுறது, ஏறுறது, விழாம நிக்கிறது, எறியுறது, தூக்குறது, தற்காப்பு, நீச்சல்னு 10 வகையாப் பிரிச்சு, பிரான்ஸ் போனதும் கப்பற்படை ஆட்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்தார். இதுக்கு இயற்கை முறைன்னு பேரு. தடைகளை வரிசையா வச்சு ஓட விடுற பயிற்சிக்களம் அவர் வழியாத்தான் பெருகுச்சு. இன்னைக்கு மாடிவிட்டு மாடி தாவுற பார்க்கூர்க்காரங்களும் அவரைத்தான் மூலவரா சொல்லுதாங்க. ஆக, பாடுபட்டு வாழுத ஆளுகளைப் பாத்து எழுதுன பாடம் இது. அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துச்சு, மறைக்கல.

எரிமலை நமக்கு இல்ல. ஆனா 2023 டிசம்பர் 17, 18 நமக்கு இருக்கு. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ரெண்டு கரையும் கொள்ளாம வந்தா. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்புன ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னு போச்சு, உள்ள சுமார் 800 பேர். தண்டவாளத்துக்கு அடியில இருந்த மண்ணைத் தண்ணி அரிச்சுட்டுப் போயிட்டு. வெளியில இருந்து யாரும் வர முடியாத நேரத்துல பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்கதான் அவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டாங்க. இது நீங்க எல்லாரும் டிவியில பாத்ததுதான்.

டிவியில வராதது ஒண்ணு சொல்லுதேன். தண்ணி வடிஞ்ச அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஊருக்கு அரிசி, மெழுகுவத்தி எல்லாம் கொண்டு போனோம். தெருவுல முழங்கால் அளவு சேறு. எங்ககூட வந்தவன்ல நல்லா உடம்பு ஏத்தி வச்சிருந்த பையன் ஒருத்தன், பத்து எட்டு வைக்கதுக்குள்ள மூணு தடவை விழுந்தான், செருப்பையும் சேறு தின்னுட்டு. அந்த ஊர் நடவுக்காரம்மா ஒருத்தி, 60 தாண்டியிருக்கும், தலையில அரிசிப் பையோட ஒரு சொட்டு தடுமாறாம அவனைத் தாண்டிப் போனா. போற போக்குல, "காலை மேல இழுக்காதய்யா, குதிகாலை அசைச்சு எடு"ன்னா.

அந்த ஒரு வரியில எல்லாம் இருக்கு. சேத்துல காலை நேரா மேல இழுத்தா, அடியில காத்து புகாம அது உறிஞ்சிப் பிடிக்கும். குதிகாலை லேசா அசைச்சா ஓரத்துல காத்து இறங்கும், பிடி விட்டுரும். அப்புறம் பாதம் தானா வரும். இதை வயல்ல யாரும் பாடமா நடத்துறது இல்ல. தொழி கலக்குன வயல்ல ஒரு நாள் நின்னா கால் தானாப் படிச்சிக்கிடும்.

இதையே வேற மாதிரி சொன்னவர் ஒருத்தர் உண்டு. கர்நாடகக் கடலோரத்துல கம்பளான்னு எருமையைச் சேத்துல விரட்டி ஓடுற பந்தயம் நடக்கும். 2020 பிப்ரவரியில ஸ்ரீநிவாச கௌடாங்கிறவர் 142.5 மீட்டரை 13.62 விநாடியில ஓடுனாருன்னு நாடே பேசிச்சு, உசைன் போல்ட்டோட ஒப்பிட்டாங்க. ஓட்டப் பயிற்சிக்கு டெல்லி அதிகாரிங்க கூப்பிட்டாங்க. அவர் பதில் எனக்குப் பிடிச்சிருந்துச்சு: கம்பளாவுல குதிகால் வேலை செய்யும், ட்ராக்குல முன்னங்கால்விரல் வேலை செய்யும், ரெண்டும் வேற வேறன்னுட்டார். எருமை இழுக்குற வேகமும் அதுல இருக்குன்னு அவருக்குத் தெரியும். கேரளத்துலயும் மரமடின்னு மாட்டை வச்சு இப்படி ஒரு பந்தயம் உண்டு. நாம மரமடிக்கிறதுன்னு வயலைச் சமப்படுத்துறோமே, அதே பேரு, அதே வேலை, விளையாட்டா மாறுனது.

சரி, வெள்ளைக்காரன் கதைக்கு வருவோம். ஹெபேருக்கு அப்புறம் ரெண்டு உலகப் போர் வந்துச்சு. தடைக்களம் பட்டாளத்துச் சொத்தாச்சு. 1942ல இருந்து ஸ்காட்லாந்துல அக்னகாரிங்கிற எடத்துல பிரிட்டிஷ் கமாண்டோக்களை மழையிலயும் சேத்துலயும் உருட்டி எடுத்தாங்க. நம்ம ராணுவ அதிகாரித் தேர்வுல இப்பவும் 3 நிமிஷத்துல 10 தடைன்னு ஒரு சோதனை இருக்கு.

பட்டாளத்துல இருந்து இதைப் பொதுசனத்துக்குக் கொண்டு வந்தவர் பில்லி வில்சன். பழைய கிரெனடியர் கார்ட்ஸ் சிப்பாய். இங்கிலாந்துல உல்வர்ஹாம்ப்டன் பக்கம் அவருக்கு ஒரு பண்ணை. 1987ல அந்தப் பண்ணையிலயே டஃப் கைங்கிற பந்தயத்தை ஆரம்பிச்சார். குளிர் எலும்பைக் கடிக்கிற ஜனவரியில சேறும் பனித்தண்ணியுமா ஓட விடுவார். செத்தா என் பொறுப்புன்னு ஓடுறவங்க கையெழுத்துப் போடணும். கவனிங்க, ஒரு பண்ணைக்காரன் தன் நிலத்துச் சேத்துக்குள்ள இறங்கப் பட்டணத்துக்காரன்ட்ட காசு வாங்குறான். விவசாயத்துல வராத வருமானம்!

2010ல அமெரிக்காவுல டஃப் மட்டர், ஸ்பார்ட்டன் ரேஸ்னு ரெண்டு கம்பெனி இதைப் பெரிய வியாபாரமாக்குச்சு. டஃப் மட்டரை ஆரம்பிச்சவர் வில்சன் பண்ணைக்கு வந்து பாத்துட்டுப் போனவர். அதுல சண்டை வந்து, கடைசியில சமரசமாப் போனாங்க. 2020ல ஸ்பார்ட்டனே டஃப் மட்டரையும் வாங்கிட்டு. இந்தியாவுல டெவில்ஸ் சர்க்யூட் பத்து வருஷத்துக்கு மேலா ஊர் ஊரா நடக்கு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல நவீன பென்டத்லான்ல குதிரையை எடுத்துட்டுத் தடை ஓட்டத்தை வைக்காங்க. 1900 பாரிஸ் ஒலிம்பிக்லயே சென் ஆத்துல கம்பம் ஏறி, படகுக்கு மேல ஏறி, படகுக்கு அடியில புகுந்து நீந்துற 200 மீட்டர் போட்டி ஒண்ணு நடந்துருக்கு. அதனால இதைப் புதுசுன்னும் சொல்ல முடியாது.

இப்பம் மருமவனுக்குச் சொன்னது. எட்டு வாரம் இருக்கு அவனுக்கு. ஜிம்முல தூக்கிப் பழகுனவன், கை வலு இருக்கு. கயிறுன்னு சொன்னதும் கையை முறுக்கிக் காட்டுதான். நான் பனையேறிகளைச் சொன்னேன். எங்க தேரிக் காட்டுல ஒரு ஆளு காலையில 30, 40 பனை, சாயங்காலம் திரும்பவும் அதே பனைன்னு ஏறி இறங்கின காலம் உண்டு. வெறும் கை வலுவை நம்பி ஏறுனா மூணாவது மரத்துலயே தீந்துரும். பாதத்துல தளைநார் மாட்டி, மரத்தைக் காலாலதான் கவ்வணும். கை சும்மா அணைச்சுக்கிடும், அவ்வளவுதான். கயித்துலயும் அதே கதைதான். ரெண்டு பாதத்துக்கும் நடுவுல கயித்தைப் பிடிச்சு நின்னுட்டு, அப்புறம் கையை மேல மாத்தணும். சேத்துக்கை வழுக்கும், கால்பூட்டு வழுக்காது. முதல் வாரத்துலயே இதை ஈரக் கயித்துல பழகச் சொல்லிருக்கேன்.

ஓட்டத்துக்கு லீவுல ஊருக்கு வான்னேன். வந்தான். தேரி மணல்ல விட்டேன். மணல்ல நடக்க கெட்டித் தரையைவிட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகுது, ஓட ஒண்ணரை மடங்குக்கு மேலன்னு 1998ல பெல்ஜியத்துல அளந்து பாத்துருக்காங்க. சென்னையில 5 கிலோமீட்டர் அலட்டாம ஓடுற பய, இங்க ஒரு கிலோமீட்டர்ல நாக்கு தள்ளிட்டான். மறுநாள் தொழி வயல்ல நடக்க விட்டேன், ஓடச் சொல்லல. குதிகால் பாடம். பருத்தி பனியன் தண்ணியைக் குடிச்சு அரை மூட்டை ஆயிருது, அதனால சீக்கிரம் காயுற துணிதான் போடணும். ஷூ கயித்தை இறுக்கி ரெட்டை முடிச்சு. பழைய ஷூ போதும்.

அவங்க அம்மா, என் தங்கச்சி, வயல் வரப்புல நின்னு பாத்துட்டு, "எங்க அம்மா இந்தச் சேத்துல நின்னு கால் புண்ணாப் போயி எங்களைப் படிக்க வச்சா, நீ காசு கட்டிட்டு இதுக்குள்ள இறங்குத"ன்னு சொன்னா. கோவமாச் சொல்லல. எங்க அம்மாவுக்கு நடவு சமயம் கால்விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண். ராத்திரி மருதாணி அரைச்சுப் பத்துப் போட்டுட்டுக் காலை மேல தூக்கி வச்சுப் படுத்துருக்கும். மறுநாள் விடியுமுன்ன திரும்ப அதே சேறு. மருமவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஆச்சி எப்படிக் காலை எடுத்து வச்சு நடும்னு என்ட்ட கேட்டான். பின்னாலயே நகர்ந்து போகணும், காலை முழுசா வெளியில எடுக்கக் கூடாதுன்னு காட்டுனேன்.

ஒரு விஷயம் பந்தயக்காரங்க விளம்பரத்துல பெரிசாப் போட மாட்டாங்க. 2013ல அமெரிக்காவுல ஒரு சேத்துப் பந்தயத்துல உயரத்துல இருந்து கலங்கல் தண்ணிக்குள்ள குதிக்கிற தடையில ஒரு இளைஞர் மூழ்கிச் செத்துப் போனார். நீச்சல் தெரியாட்டா அந்தத் தடையைச் சுத்திப் போகலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க, சிரிச்சாலும் பரவாயில்ல.

அடுத்தது எலிக்காய்ச்சல். எலி, மாடு இதுகளோட மூத்திரம் கலந்த தண்ணியில இருந்து சின்னக் கீறல் வழியாவும், கண்ணு வாய் வழியாவும் உள்ள போகும். வயல்காரனோட வியாதின்னு பேரு. 2000ல போர்னியோ தீவுல சபாவுல நடந்த ஒரு சாகசப் பந்தயத்துக்கு அப்புறம் 189 பேரை விசாரிச்சதுல 80 பேருக்கு இந்தக் காய்ச்சலோட அறிகுறி இருந்துருக்கு. 2012ல நெவாடாவுல மாட்டுப் பண்ணையில வச்ச சேத்து ஓட்டத்துல, சாணம் கலந்த சேறு வாய்க்குள்ள போயி 22 பேருக்கு வயித்துப்போக்கு. அதனால டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு முன்னாலயே பாத்துக்கிடணும். கால்ல ஆறாத புண் இருந்தா அன்னைக்கு ஓடவே கூடாது. வாயை மூடி ஊரணும். டாக்சிசைக்ளின் மாத்திரையை எலிக்காய்ச்சல் வராம இருக்கக் குடுப்பாங்க, வெள்ளத்தப்பம் கேரளாவுல அரசாங்கமே குடுத்துச்சு. ஆனா அதை டாக்டர்ட்ட கேட்டுத்தான் எடுக்கணும், கடையில வாங்கி முழுங்கக் கூடாது.

ஓடி முடிச்சதும் போட்டோ எடுத்துக்கிட்டு அப்படியே சாப்பிட உக்காராம, முதல்ல சோப்புப் போட்டுக் குளிச்சு, கீறலைக் கழுவி மருந்து வைக்கணும். ரெண்டு வாரம், சில பேருக்கு ஒரு மாசம் வரைக்கும் உடம்பைக் கவனிக்கணும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவக்கிறதுன்னு எதாவது வந்தா டாக்டர்ட்ட போயி, கேக்குறதுக்கு முன்னாலயே "சேத்துல கிடந்தேன்"னு சொல்லிரணும். ஆபீஸ் சட்டை போட்டுக்கிட்டு வர்ற பையனைப் பாத்தா எந்த டாக்டருக்கும் எலிக்காய்ச்சல் நினைப்பு லேசுல வராது.